பின்னால் வந்த வெளிச்சம்

டயாலிசிஸ் மையத்தில் எல்லோரும் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு. பதினோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அதற்குப் பிறகு ஆறு வருடமாக இந்த மையத்தின் வேன். காலையில் ஐந்து பேரை அழைத்து வர வேண்டும், மதியம் அவர்களைக் கொண்டுபோய் விட வேண்டும். மறுபடி ஐந்து பேர் வருவார்கள். இருட்டுகிற நேரத்தில் அவர்களை ஒவ்வொருவராக வீட்டு வாசலில் இறக்கிவிட்டால்தான் அன்றைய வேலை முடியும்.

நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்த உடம்புகள் அவை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே குமட்டும். அதனால் தலையில் தளும்பத் தளும்பக் குடம் வைத்திருப்பவள் மாதிரிதான் அவள் ஓட்டுவாள். அவளுடைய வேனில் வரும் பேச்சுக்காரம்மா எல்லோரிடமும் சொல்லுவாள்: "டிரைவரம்மா ஓட்டினா ஏறின ரெண்டாவது நிமிஷம் தூங்கிடுவேன். எம் மகன் ஓட்டினா இறங்கிற வரைக்கும் கண்ணைத் திறக்கவே மாட்டேன். அது தூக்கத்துல இல்ல."

மழைக்காலம் தொடங்கும்போது மையத்துக்கு மூன்று புது வேன்கள் வந்தன. மடக்கிய சக்கர நாற்காலிகளும் ஆக்சிஜன் சிலிண்டரும் பின்பக்கத்தில் கூரை வரை அடைத்துக்கொண்டிருக்கும். நடுக் கண்ணாடியில் பார்த்தால் நாற்காலி முதுகுதான் தெரியும். அதற்காகக் கேமரா கண்ணாடி வைத்திருந்தார்கள். வண்டியின் பின்னால், நம்பர் பிளேட்டுக்கு மேல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கேமரா. அது பார்ப்பதெல்லாம் உள்ளே நடுக் கண்ணாடியில் படமாக வரும்.

மேனேஜர் தன் கையாலேயே செய்ததுபோலப் பெருமைப்பட்டார். "பின்னால இருக்கிறது, பக்கத்துல இருக்கிறது, எல்லாம் தெரியும். முதுகுல கண்ணு வச்ச மாதிரி."

பகலில் அவர் சொன்னது பொய்யில்லை. பின்னால் வரும் சைக்கிள்காரர் கொட்டாவி விடுவது கூடத் தெரிந்தது. வெயில் இருக்கும்வரை அவளுக்கும் அந்தக் கண்ணாடி பிடித்துத்தான் இருந்தது.

முதல் நாள் இருட்டியதும் கதை மாறியது. பின்னால் வந்த காரின் விளக்குகள் கண்ணாடியில் விளக்குகளாகத் தெரியவில்லை. இரண்டு வெள்ளைப் பூசணிக்காய் மாதிரி வீங்கின. அவற்றைச் சுற்றி வட்டம், வட்டத்தைச் சுற்றி நிறம் நிறமாக இன்னொரு வட்டம். அந்த வட்டங்களைப் பார்த்ததும் அவள் கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. பேச்சுக்காரம்மா ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைகூட இவள் காதில் ஏறவில்லை.

காரணம் அவளுடைய அப்பா. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். நாற்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் வேலை முடிந்து வந்து, "தெருவிளக்கைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுது, பாக்க அழகா இருக்கு" என்றார். அவளும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "பொய் சொல்றீங்க, ஒண்ணுமில்ல" என்று சிரித்தார்கள். இரண்டே வருடத்தில் அவர் பக்கத்தில் இருக்கும் டம்ளரைத் தடவித் தேடினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள். போனது போனதுதான், திரும்ப வராது என்றார்கள். மிச்சம் இருந்த பதினான்கு வருடமும் அவர் காதை வைத்தே வாழ்ந்து முடித்தார்.

அவளுக்கு நாற்பத்தெட்டு ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. கண் தெரியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் மட்டும் திருட்டுத்தனமாகப் பரிசோதனை நடந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் படிப்பாள், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, காலண்டரோட கண்ணாமூச்சி ஆடுற?"

"தூசி விழுந்துடுச்சுங்க."

"நேத்தும் விழுந்துச்சே?"

"நம்ம வீட்டுல தூசிக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே போய் விளக்கைப் பார்த்தாள். வட்டம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பயந்தவள் பார்த்தால் எதிலும் இருக்கும்.

ஒருதடவை மட்டும் மேனேஜரிடம் பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தாள். "இந்தக் கண்ணாடி இருட்டுல ரொம்பக் கூசுது சார்."

"மத்த ரெண்டு டிரைவரும் ஒண்ணும் சொல்லலையே. எதுக்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்களேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. "அய்யோ, கண்ணுக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். பழகிடும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

தனக்குத் தெரிந்த வைத்தியங்களை எல்லாம் செய்து பார்த்தாள். கூலிங் கிளாஸ் போட்டாள். பின்னால் கூசவில்லைதான், ஆனால் முன்னால் ரோடே காணவில்லை, நாலாவது நிமிடம் கழற்றி எறிந்தாள். கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்துக் கண்ணாடியின் மேல்பாதியில் ஒட்டினாள். வெளிச்சம் கீழ்ப்பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியின் அடியில் ஒரு கொக்கி உண்டு. அதை இழுத்தால் கேமரா படம் அணைந்து சாதாரணக் கண்ணாடி ஆகிவிடும். இழுத்தால் நாற்காலி முதுகுகள். கடைசியில் இரண்டு பக்கக் கண்ணாடிகளை நம்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினாள். ஆனால் பதினேழு வருடப் பழக்கம் விடுமா? நொடிக்கொரு தரம் கண் தானாக நடுவுக்குப் போகும். அங்கே அந்த வட்டங்கள் அவளுக்காகவே காத்துக்கொண்டிருந்தது போல எரியும்.

ஒவ்வொரு நாளும் நாலு மணி ஆனால் கடிகாரத்தையே பார்க்கத் தொடங்கிவிடுவாள். சூரியன் இறங்குவதைப் பார்க்கவே பயந்தாள்.

அன்று தூறல். மணி ஏழுகூட ஆகவில்லை, ஆனால் கும்மிருட்டு. மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். மிச்சம் பேச்சுக்காரம்மாவும், கணக்கு வாத்தியாரும். வாத்தியார் ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் இருக்கும். அதிகம் பேசமாட்டார். இரண்டு பேர் வீடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நீளமான பாலத்தைத் தாண்டியதும் இடதுபக்கம் இறங்க வேண்டும்.

பாலத்தில் ஏறியதும் பின்னால் ஒரு லாரி வந்தது. ஹெட்லைட்டை உச்சத்தில் வைத்திருந்தான். கண்ணாடி முழுக்கப் பாலைக் கொட்டியது போல ஆயிற்று. வெள்ளை. வெறும் வெள்ளை. அதற்குள் லாரி எங்கே, ரோடு எங்கே, எது பக்கத்தில், எது தூரத்தில், ஒன்றும் புரியவில்லை. வேகத்தைக் குறைத்தாள், லாரியும் குறைத்தது. கூட்டினாள், அதுவும் கூட்டியது. மனுஷன் ஓட்டாத வண்டி எதுவோ தன்னையே துரத்துகிறது என்று ஒரு நினைப்பு வந்தது.

"டிரைவரம்மா, ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?" என்றாள் பேச்சுக்காரம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

இடதுபக்கம் ஒதுங்கிவிட்டால் அந்த வெளிச்சம் தன்னைத் தாண்டிப் போய்விடும் என்று தோன்றியது. இண்டிகேட்டர் போட்டாள். பக்கக் கண்ணாடியில் மழைத்துளிகள், ஒவ்வொரு துளியிலும் ஒரு விளக்கு. நடுக் கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளை. யாரும் இல்லை என்று நினைத்தாள். நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி. ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

'டப்' என்று வேனின் பக்கவாட்டில் ஒரு கை அறைந்தது. ஒரு கத்தல். இரும்பு ரோட்டில் இழுபடும் சத்தம். பின்னால் லாரி பிரேக் அடித்த கிறீச்சொலி நெடுநேரம் கேட்டது.

வேன் நின்றுவிட்டது. எப்போது பிரேக்கை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தால் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பாளோ அதை இனி ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"இறங்கிப் பாருங்க" என்றார் கணக்கு வாத்தியார். "இறங்கலைன்னா தப்பு பெருசாயிடும். பாருங்கம்மா."

இறங்கினாள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு பைக் படுத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான்! முட்டியில் பேண்ட் கிழிந்து ரத்தம் வழிந்தது. தோள்பையிலிருந்து ஸ்பேனரும் குழாய்த் துண்டுகளும் ரோடெல்லாம் சிதறியிருந்தன. பிளம்பர். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். பத்தடி பின்னால் லாரி, இண்டிகேட்டர் மினுக்க, சற்றுச் சாய்வாக நின்றிருந்தது.

"தம்பி... அடி பட்டுச்சா?"

"படாம? இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தா லாரிச் சக்கரத்துக்குள்ள போயிருப்பேன்! பக்கத்துலதானே வந்தேன்? ஹார்ன் அடிச்சேனே! கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு?"

இத்தனை நாள் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினாளோ, அதை ஒருவன் நடு ரோட்டில் வைத்துக் கேட்டுவிட்டான். அவள் அப்படியே சுவர் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியலை தம்பி. எங்கப்பாவுக்குப் போன மாதிரி எனக்கும் போயிட்டிருக்குன்னு நினைக்கிறேன். யார்கிட்டயும் சொல்லலை. கண்ணாடியில வெளிச்சம் வட்டம் வட்டமா வருது. உங்களைக் கொல்லப் பாத்துட்டேன்."

அவன் திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே நின்றான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் போனான். நம்பரைப் படம் எடுக்கப் போகிறான், போலீசுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தடுக்கவில்லை. போனின் டார்ச் வெளிச்சம் நம்பர் பிளேட்டில் விழுந்தது. அது அங்கேயே நின்றது.

"அக்கா, இங்க வாங்க."

போனாள். நம்பர் பிளேட்டுக்கு மேல் இருந்த கேமராவின் மேல் அவன் விரல் இருந்தது. "இது என்ன?"

"கேமரா."

"கேமரா தெரியுது. அது மேல ஒட்டியிருக்கே, இது என்ன? புது போன்ல ஒட்டி வருமே, அந்தப் பிலிம். யாருமே உரிக்கலையா?"

கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தாள். அடியில் காற்றுக் குமிழிகள், மேலே கீறல்கள், ஓரத்தில் சேறு. தினமும் காலையில் அவள்தான் ஈரத்துணியால் அதை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கீறல் கூடியிருக்கிறது. அவன் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, இழுத்தான். 'சர்' என்று வந்துவிட்டது.

"போய் உக்காந்து பாருங்க."

உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடியில் ஒரு லாரி நின்றது. அதற்கு இரண்டு விளக்குகள். அவற்றின் நடுவே லாரிக்காரர் இடுப்பில் கைவைத்து, தலையில் மழைக்குத் துண்டு போட்டு நிற்பதுகூடத் தெரிந்தது. வெளிச்சம் இன்னும் கண்ணைக் குத்தியது, ஆனால் வட்டம் இல்லை.

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த கணக்கு வாத்தியார், "அந்தச் சூரியன் படம் போட்ட பொத்தான் எதுக்கு?" என்றார். அதை அமுக்கினாள். படம் கொஞ்சம் மங்கியது. இன்னும் அமுக்கினாள். கூச்சம் அடங்கியது. வண்டி வந்த நாளிலிருந்து நட்டநடுப் பகலுக்கு வைத்த வெளிச்சத்திலேயே அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள். பேச்சுக்காரம்மா முதல்முறையாகப் பேச்சில்லாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பைக்கின் முன்சக்கரம் வளைந்துவிட்டது. லாரிக்காரரும் அவனுமாக அதை ஓரமாகச் சாய்த்துப் பூட்டினார்கள். பிளம்பர் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். அவள் சாவியைத் திருகவே பயந்தாள். அவன் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எட்டிப் பார்த்து, "ஒரு கார் போகட்டும்... போயிடுச்சு. இப்ப எடுங்க அக்கா" என்றான். இரண்டு வீட்டு வாசலிலும் ஆட்களை இறக்கிவிட்டு, மையத்துக்குத் திரும்பி, நர்ஸ் அவன் முட்டியைக் கழுவிக் கட்டுப்போடும் வரைக்கும் அவள் பக்கத்திலேயே நின்றாள். நம்பர் எடுத்த படத்தை அவன் என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை. போலீஸ் யாரும் வரவில்லை. பைக்கை மையமே சரிசெய்து கொடுத்தது.

அன்று இரவே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அப்பாவைப் பற்றியும் சேர்த்து. மேனேஜர் முகம் வெளுத்தது. புது வண்டியைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டுமே?"

"இல்ல சார். மத்த ரெண்டு வண்டியையும் இப்பவே பாக்கணும்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றில் பிலிம் இல்லை. இன்னொன்றில் இருந்தது. அந்த வண்டியின் டிரைவரை வரச் சொல்லிக் காட்டியதும், மீசையும் தொப்பையுமான அந்த மனிதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சர்க்கரை கூடிக் கண்ணு போகுதுன்னு நினைச்சேம்மா. ரெண்டு மாசமா டீயில சீனி போடாம குடிக்கிறேன். நீங்களே ஒண்ணும் சொல்லலையே. அதான் நானும் வாயை மூடிக்கிட்டேன்."

வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "காலண்டர்கிட்ட சொன்னதை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார். "பிலிம்தான் காரணம்னா நிம்மதிதானே? அப்புறம் ஏன் இன்னும் கை சில்லுனு இருக்கு?"

"வட்டத்துக்குக் காரணம் பிலிமுங்க. எங்கப்பாவுக்கு நான் மகள்ங்கிறது அதனால மாறிடுமா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவரே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைத்தார்கள். கண் விரிந்து எல்லாம் பனிமூட்டமானது. அப்பா கடைசிவரை பார்த்தது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்ததும், கணவரின் சட்டை முனையைச் சின்னப்பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டாள். மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். கண்ணில் புஸ்ஸென்று காற்று அடித்தது. ஒரு கறுப்புக் கிண்ணத்துக்குள் தலையை நுழைத்து, புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். தெரியாத புள்ளிகளை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

டாக்டரம்மா இளவயசு. காகிதங்களை இரண்டு தரம் புரட்டினார்.

"நரம்பு நல்லா இருக்கு. ஆனா கண்ணுல அழுத்தம் எல்லையைத் தாண்டி நிக்குது. அப்பாவுக்கும் இருந்துச்சுங்கிறதால, இப்பவே மருந்து ஆரம்பிச்சிடலாம். தினமும் படுக்கறப்ப ஒரு சொட்டு. விடவே கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்."

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"ஓட்டலாம். கிட்டத்துல பாக்க மட்டும் கண்ணாடி வேணும். அந்தக் கேமராப் படம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு இல்லையா? ரோட்டைப் பாத்துட்டு டக்குனு அதைப் பாக்கணும்னா இந்த வயசுல கண்ணு திணறும். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமா ஒரே கண்ணாடியில போட்டுக்கலாம். அந்தக் கேமரா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சுக்கங்க."

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை. "எங்கப்பாவும் வட்டம் தெரியுதுன்னு சொன்ன அன்னைக்கே வந்திருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

தம்பி இருந்தான். சரக்கு லாரி ஓட்டுகிறான். போனில் சொன்னதும் சிரித்தான். "எனக்கென்னக்கா? அரை மைல் தள்ளி இருக்கிற போர்டைப் படிப்பேன்."

"நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்டா."

மூன்று வாரம் சாக்குச் சொன்னான். லோடு இருக்கிறது என்றான், டயர் பஞ்சர் என்றான், ஒருநாள் போனையே எடுக்கவில்லை. இதற்கிடையில் அவள் மறுபடி மாலை வண்டி எடுக்கத் தொடங்கியிருந்தாள். சக்கர நாற்காலிகளை நிமிர்த்தி அடுக்காமல் படுக்கப் போட்டாள். கொக்கியை இழுத்தால் இப்போது சாதாரணக் கண்ணாடியிலும் பின்ரோடு ஒரு கீற்று தெரிந்தது. பாலத்தில் ஏறும்போது மட்டும் இன்னும் வேகத்தைக் குறைப்பாள். இடதுபக்கம் திரும்புவதற்கு முன்னால் இரண்டு தடவை பார்ப்பாள், மூன்றாவது தடவை தலையைத் திருப்பிப் பார்ப்பாள். பின்னால் வருபவன் ஹார்ன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

நாலாவது வாரம் திங்கள்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடியே வந்தான். வழியெல்லாம் அவள் ஸ்கூட்டர் ஓட்டுவதைக் குறை சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பத்துச் சக்கர லாரியை மலைப்பாதையில் இறக்குகிறவன், மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"ம்?"

"நீ இங்க வந்த அன்னைக்கு உனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு" என்றாள். உள்ளே அவன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். "எந்திரி. நான் இங்கேயேதான் இருக்கேன்."